இலை கடிபடாத தோட்டத்தில் குருவிக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் மழை நெருங்கும்போது கொழும்பில் செடி வாங்குவோரின் தொகை கூடிவிடுகிறது. பத்தரமுல்லை தியத்த உயனவின் செடிக் கடைகளிலும், வீதியோரத்தில் செடிகளை ஏற்றிவந்து நிறுத்தப்படும் லொறிகளிலும் மக்கள் பூவின் நிறத்தையும் இலையின் பளபளப்பையும் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். எவ்வளவு வெயில் வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றும் கேட்டறிகிறார்கள். இந்தச் செடியின் இலையை எந்தப் புழு தின்னும், இதன் பழத்துக்கு எந்தக் குருவி வரும் என்று எவரும் கேட்டதாக நான் கண்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினால் இந்த நகரத்தின் பறவைகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் தேனீக்களுக்கும் பேருதவி செய்தவர்களாவோம் என்பதைத் தங்கள் வாசகர்களிடம் எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நீண்ட காலம் உயிரியல் கற்பித்தவள் என்பதால் காரணங்களைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியுள்ளது.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய வளவுகள் தொடர்மாடிகளாக மாறிய பிறகு, மண் எஞ்சியிருக்கும் இடங்கள் பெரும்பாலும் வாயிற்கதவின் இருபுறத்துப் பாத்திகளும் மாடங்களில் வைத்த பூச்சாடிகளுமே. அந்த வளவுகளில் முன்பு மாவும் பலாவும் முருங்கையும் கறிவேப்பிலையும் தேசியும் நின்றன. மதிலோரத்தில் பாவட்டையும் தும்பையும் எவரும் நடாமலே முளைத்து நின்றன. இன்று அவ்விடங்களில் குரோட்டன், கடதாசிப்பூ, அலங்காரப் பனை ஆகியனவும், அவற்றின் கீழே ஒழுங்காக வெட்டப்படும் புற்றரையும் உள்ளன. குரோட்டன் மலேசிய, இந்தோனேசியத் தீவுகளின் செடி, கடதாசிப்பூ தென்னமெரிக்காவினுடையது. இரண்டும் கண்ணுக்கு அழகானவையே. ஆனால் அவற்றின் இலைகளில் ஏதேனும் ஓர் உயிர் கடித்த அடையாளம் அரிதாகவே தென்படும். செடி விற்பவர்களும் தொடர்மாடித் தோட்டங்களைப் பராமரிப்பவர்களும் அதனை அச்செடிகளின் சிறப்பாகச் சொல்கிறார்கள். என் மதிப்பில் அதுவே அவற்றின் பெருங்குறை.

பறவையின் உணவு என்றதும் பழத்தையும் தானியத்தையும் தேனையுமே நாம் நினைக்கிறோம். வளர்ந்த பறவைக்கு அவை போதுமாக இருக்கலாம். கூட்டிலிருக்கும் குஞ்சு சில நாட்களுக்குள் சதையும் இறகும் வளர்த்துப் பறந்தாக வேண்டும் என்பதால் அதற்குப் புரதம் வேண்டும், அந்தப் புரதம் பெரும்பாலும் மென்மையான உடலுடைய புழுக்களிலிருந்தே கிடைக்கிறது. பூவுக்குப் பூ தாவித் தேன் குடிக்கும் தேன்சிட்டு தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது சிறு பூச்சிகளையும் சிலந்திகளையுமே. பழந்தின்னும் கொண்டைக்குருவியும் கூடு கட்டிய நாட்களில் பூச்சி தேடி அலைகிறது. அமெரிக்காவில் சிக்கடீ என்னும் சிறு குருவி தன் குஞ்சுகளைக் கூட்டை விட்டுப் பறக்கும் வரை வளர்த்தெடுக்க 6,000 முதல் 9,000 வரையான புழுக்கள் தேவைப்படுகின்றன என்று பூச்சியியல் பேராசிரியர் டக்ளஸ் டலமி எடுத்துக்காட்டியிருக்கிறார். டெசிரே நராங்கோ என்ற ஆய்வாளர் அவரோடும் வேறொருவரோடும் சேர்ந்து வாஷிங்டன் நகரைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, தோட்டத்திலுள்ள தாவரங்களில் 70 சதவீதமளவு அந்நாட்டுக்குரியவையாக இருந்தால்தான் அக்குருவியின் தொகை குன்றாமல் நிலைக்கும் என்று கண்டது. அது அந்நாட்டுக் குருவிக்கும் அந்நாட்டு மரங்களுக்கும் உரிய கணக்கு. கொழும்பின் தையற்சிட்டுக்கும் புலுனிக்கும் அதே எண்ணைப் பொருத்திவிட முடியாது. ஆயினும் இலையைத் தின்னப் புழு இல்லாத இடத்தில் குஞ்சு வளராது என்பது இரு நாட்டுக்கும் பொதுவானது.

புழு ஏன் எல்லா இலையையும் தின்பதில்லை என்று சிலர் கேட்பார்கள். தாவரம் ஒவ்வொன்றும் தன் இலையைக் காத்துக்கொள்ள ஏதேனும் ஒரு கசப்பையோ நஞ்சையோ அதில் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தத் தாவரத்தோடு மிக நீண்ட காலம் ஒரே நிலத்தில் வாழ்ந்த பூச்சிகளுக்கே அதனைச் செரிக்கும் ஆற்றல் வாய்த்துள்ளது. தேசி, கறிவேப்பிலை, வில்வம் ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கறுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அக்குடும்பத்து இலைகளையே தேடி வரும்; பெண் பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்த பின்பே முட்டையிடும். எருக்கலையின் பாலைக் கண்டு ஆடுமாடு விலகிச் செல்ல, செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு அதையே தின்று, அந்த நஞ்சைத் தன் உடலில் சேமித்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கொள்கிறது. வெள்ளிலை எனப்படும் முசெண்டாவிலும் கொன்றையிலும் ஆவாரையிலும் வெவ்வேறு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. ஏறத்தாழ 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் வாழும் நம் தீவில், பெரும்பாலானவை இப்படித் தமக்குரிய சில தாவரங்களை நம்பியே இருக்கின்றன.

நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி இதற்கு மிகத் தெளிவான சான்று. கரிய முன்சிறகும் பொன்மஞ்சள் பின்சிறகும் உடைய அந்தப் பெரிய பூச்சி உலகில் வேறெங்கும் இல்லை. அதன் புழு ஈஸ்வரமூலிக் கொடியையும் அதன் இனத்துக் கொடிகளையும் தவிர வேறொன்றையும் தின்னாது. அந்தக் கொடியின் வெளிநாட்டு உறவுச் செடிகள் அவற்றின் விசித்திரமான பூவுக்காக அலங்காரக் கொடியாகப் பல நாடுகளில் வளர்க்கப்படுகின்றன. கிழக்கு அவுஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பறவைச்சிறகு என்ற வண்ணத்துப்பூச்சி, தென்னமெரிக்காவிலிருந்து வந்த அத்தகைய கொடியைத் தன் கொடி என்று எண்ணி முட்டையிட, பொரித்த புழுக்கள் அந்த இலையைத் தின்று இறந்துபோவது அங்குள்ள பாதுகாப்பாளர்களின் நீண்டகாலக் கவலையாக இருந்து வருகிறது. ஒரே குடும்பம், ஒத்த இலை, ஆனால் பிறந்த நிலம் வேறு. கொடி வாங்குபவர் அதன் சரியான இனத்தைக் கேட்டறிந்து வாங்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஈஸ்வரமூலி சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் பொருளைக் கொண்டது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்; புழுவுக்காக வளர்க்கலாம், கைமருந்தாக எவரும் அருந்தக்கூடாது.

கொழும்பில் காக்கையையும் புறாவையும் தவிர வேறு என்ன பறவை இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2018இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் உலகில் முதன்முதலாக 18 நகரங்களுக்கு வழங்கப்பட்டபோது அவற்றுள் கொழும்பும் ஒன்றாக இருந்தது. பெல்லன்வில - அத்திடிய ஈரநிலம் 1990 முதல் சரணாலயமாக உள்ளது. பெத்தகானவிலும் தலவத்துகொடவிலும் மக்கள் நடந்து பார்க்கும் ஈரநிலப் பூங்காக்கள் உள்ளன. இலங்கைக்கே உரிய செம்முதுகு மரங்கொத்தியும் சின்னக் குக்குறுவானும் காட்டுக்குள் சென்றால்தான் காணக்கூடியவை அல்ல. இந்த நகரத்து வளவுகளிலேயே வாழ்கின்றன. ஆண்டுதோறும் ஒக்டோபரளவில் இந்தியாவிலிருந்து வந்து ஏப்ரல் வரை தங்கும் ஆறுமணிக் குருவி, காலையிலும் மாலையிலும் குரல் கொடுத்துவிட்டு, நிழலில் கிடக்கும் சருகைக் கிளறி இரை தேடும். ஈரநிலங்களுக்கும் பூங்காக்களுக்கும் இடையில் இவை தங்கிச் செல்வதற்கு நம் வீட்டு வளவுகளை விட்டால் வேறு இடமில்லை.

வெளிநாட்டுத் தாவரங்கள் அனைத்தையும் வேரோடு பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பௌத்தாலோக மாவத்தையில் நிழல் விரித்து நிற்கும் பெருமரங்கள் தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. அவற்றை வெட்டுவதை நான் முற்றாக எதிர்ப்பேன். ஜாம் பழ மரமும் அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்ததே, ஆயினும் நம் தீவின் மிகச்சிறிய பறவையாகிய பூங்கொத்தி முதல் குயில் வரை அதில் பழம் தின்னாத பறவையைக் காண்பது கடினம். கவலைக்குரியவை, வேலி தாண்டிப் பரவி உள்ளூர்த் தாவரங்களை அமுக்கிவிடுபவை. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரையைத் தடுக்க 1909ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. இன்றும் கொழும்பின் கால்வாய்களிலிருந்து அதை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். உண்ணிச்செடியும், மஞ்சள் பூவுடன் தரையை மூடிப் படரும் வெடிலியாவும் அதே வழியில் வந்தவையே. அவற்றை விலை கொடுத்து வாங்கி நடுவதையாவது நிறுத்தலாம்.

உணவுப் பயிரோடு இதற்குள்ள தொடர்பை 2022இன் பொருளாதார நெருக்கடி நமக்குக் கற்பித்திருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள்; கொழும்பின் மொட்டைமாடிகளிலும் கத்தரியும் பூசணியும் காணப்பட்டன. பூசணிக்கு ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. விடியலில் விரியும் பூ மதியத்துக்கு முன்னரே வாடிவிடுவதால் அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். வராத இடத்தில் பிஞ்சு பழுத்து உதிரும். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் கையாலே தடவ வேண்டியிருக்கும். கத்தரிப் பூவின் மகரந்தம் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளிவரும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்த்தினால்தான் அது நன்கு உதிரும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீயால் அது முடியாது. நீலவரித் தேனீயும், மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டும் அதைச் செய்கின்றன. இலங்கையிலுள்ள ஏறத்தாழ 150 வகைத் தேனீக்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, தேன் சேர்த்துத் தராதவை, அதனால் எவராலும் கவனிக்கப்படாதவை. அவற்றுள் பல வெறுமண்ணில் வளை தோண்டுகின்றன. முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடிவிட்டால் அவற்றுக்கு முட்டையிட இடமில்லை. மதிலோரத்தில் ஒரு சாண் மண்ணையும், ஆபத்தில்லாத இடத்தில் ஒரு பட்ட கிளையையும் விட்டுவைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

இதையெல்லாம் சொல்லும்போது என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி டெங்கு பற்றியது. அது நியாயமான அச்சம். கொழும்பில் அந்நோயால் வருந்தாத தெருவே இல்லை. ஆனால் டெங்கு நுளம்பு மண்ணிலோ உயிருள்ள இலையிலோ பெருகுவதில்லை. தேங்கி நிற்கும் நீரில்தான், அதிலும் பெரும்பாலும் கொள்கலனில் நிற்கும் நீரில்தான், அது முட்டையிடும். தயிர்க் கோப்பை, சிரட்டை, பழைய டயர், பூச்சாடியின் அடித்தட்டு, சருகு அடைத்த பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியனவே அதன் உறைவிடங்கள். முட்டையிலிருந்து முழு நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், பறவைக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்து, தேய்த்துக் கழுவிவிட்டால் அதில் குடம்பி வளர வழியில்லை. இலைக்கணுவில் மழைநீரைத் தேக்கும் அலங்காரச் செடிகளான புரோமிலியாட் வகைகளை அகற்றச் சொல்வதில் பொருளுண்டு, அவையும் வெளிநாட்டவையே. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்று கேட்டதும் மதிலோரப் பாவட்டையை வெட்டிச் சாய்த்துவிட்டு, பீலியைத் திரும்பியும் பாராமல் விடும் பழக்கம் பல தொடர்மாடிகளில் உள்ளது. நிழலில் உலர்ந்து கிடக்கும் சருகு ஆறுமணிக் குருவிக்கு இரைத்தட்டு. பீலியில் ஊறிய சருகு நுளம்புக்குத் தொட்டில். இவ்விரண்டையும் பிரித்தறிந்து செயற்பட வேண்டும்.

மேலும், நோயாளர் எவரும் இல்லாதபோதே முன்னெச்சரிக்கை என்ற பெயரில் சில தொடர்மாடிகளின் நிர்வாகங்கள் தனியாரை அமர்த்தி அடிக்கடி புகையடிக்கின்றன. இத்தகைய புகையில் கலக்கப்படும் பைரெத்திராய்டு வகை மருந்துகள் பறக்கும் நுளம்பைக் கொல்வது போலவே தேனீயையும் கொல்லும், தண்ணீரிலிருக்கும் குடம்பியை விட்டுவிடும். சுகாதாரப் பகுதியினர் தேவை கண்டு புகையடிக்கும்போது எதிர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அழகுக்கும் திருப்திக்குமாக அடிக்கும் புகையைத்தான் நிறுத்தும்படி வேண்டுகிறேன்.

இனி என்ன நடலாம் என்பதைச் சொல்கிறேன். கடற்கரைப் பக்கத்து வெள்ளவத்தையில் உப்புக்காற்று பல செடிகளைக் கருக்கிவிடும். பூவரசும் புன்னையும் அதைத் தாங்கிப் பிறந்தவை; பூவரசம்பூவுக்குத் தேன்சிட்டு வரும். நடுத்தர அளவு வளவுக்குக் கொன்றையும் மகிழமும் ஏற்றவை. ஆல், அரசு, அத்தி ஆகியவை பறவைகளுக்கு அமுதம் என்றாலும் அவற்றின் வேர் மதிலைப் பிளக்கும். அவற்றைப் பூங்காக்களுக்கும் கால்வாய்க் கரைகளுக்கும் விட்டுவிடுவதே முறை. சிறிய பாத்தியில் வெட்சி, பாவட்டை, வெள்ளிலை, ஆடாதோடை ஆகிய நான்கும் சேர்ந்து நின்றால் பூவும் பழமும் இலையும் ஒருங்கே கிடைக்கும். மாடத்தில் பூச்சாடி மட்டுமே உள்ளவர்கள் கறிவேப்பிலையையும் துளசியையும் வைத்தாலே போதும். ஆறாம் மாடியிலும் வண்ணத்துப்பூச்சி ஏறி வருவதை நான் பார்த்திருக்கிறேன். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழு ஒட்டியிருந்தால் அதை மருந்தடித்துக் கொல்ல வேண்டாம். சில கிளைகளை நமக்கும் சில கிளைகளை அதற்கும் என்று விட்டால் செடி மீண்டும் துளிர்த்துக்கொள்ளும்.

இவ்விடயத்தில் தமிழ் மக்களாகிய நமக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. சிவனுக்கு வில்வமும் கொன்றையும் தும்பையும், பிள்ளையாருக்கு எருக்கலையும், முருகனுக்கு வெட்சியும் என்று நம் வழிபாட்டில் இடம்பெறும் தாவரங்களில் பெரும்பாலானவை இம்மண்ணின் தாவரங்கள். வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் நாடிவரும் தாவரங்கள். முன்னோர் கோயிலோடு நந்தவனம் அமைத்ததால் பூவும் கிடைத்தது, அப்பூவை நாடிய உயிர்களுக்கும் இடம் கிடைத்தது. கொழும்புக் கோயில்கள் பலவற்றில் இன்று வீதிப் பிரகாரம் வரை கல் பதிக்கப்பட்டு, அர்ச்சனைக்கான பூவும் வில்வமும் சந்தையிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு கோயிலின் அறங்காவலர்களும் மதிலோரத்தில் சில அடி மண்ணைத் திறந்து, தல விருட்சத்தோடு இந்தச் செடிகளையும் நட முன்வர வேண்டும். மருந்தடிக்காத வில்வத்தை இறைவனுக்குச் சாத்துவது பக்திக்கும் உகந்ததே. தமிழ்ப் பாடசாலைகளின் சூழற் கழகங்களும் இதில் சேரலாம். ஒரு தேசிச் செடியில் முட்டை முதல் கூட்டுப்புழு வரை மாணவர் கண்ணால் பார்த்துவிட்டால் உருமாற்றம் என்ற பாடத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மாநகர சபைக்கும் ஒரு வேண்டுகோள். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மேல் மரம் முறிந்து விழுந்து உயிர்கள் பறிபோன துயரத்துக்குப் பின், வீதியோர மரங்களைப் பற்றிய அச்சம் மக்களிடம் கூடியிருப்பது இயல்பே. உளுத்த மரத்தை அகற்றத்தான் வேண்டும். அகற்றிய இடத்தில் எந்த மரம் வைக்கப்படும் என்பதையும் அதே அறிவித்தலில் சபை வெளியிட வேண்டும். அது பெரிதும் உள்நாட்டு மரமாக இருக்க வேண்டும். பொதுப் பூங்காக்களில் மரங்களின் பெயர்ப்பலகைகளில் தமிழ்ப் பெயரையும் பிழையின்றி எழுதினால், விகாரமகாதேவி பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் அங்கேயே அவற்றை அறிமுகப்படுத்திவிடலாம்.

தங்கள் நாளிதழ் வாரத்துக்கு ஓர் உள்நாட்டுத் தாவரத்தைப் படத்துடனும், நம் நாட்டில் வழங்கும் தமிழ், சிங்களப் பெயர்களுடனும் வெளியிட்டால் செடி வாங்கச் செல்வோர் அதைக் கையில் கொண்டு சென்று கேட்க வசதியாக இருக்கும். கேட்பவர் இல்லாததால்தான் விற்பவர் வைத்திருப்பதில்லை. பாவட்டை, வெள்ளிலை, ஈஸ்வரமூலி ஆகிய மூன்றையும் நாற்றாக வைத்திருக்கும் நாற்றுமேடைக்காரர்கள் கொழும்பிலோ புறநகரிலோ இருந்தால், அவர்கள் தங்கள் பத்திரிகை வாயிலாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒக்டோபர், நவம்பர் மழையில் வைத்த கன்று அடுத்து வரும் வறண்ட மாதங்களுக்குள் வேர்பிடித்துவிடும் என்பதால், அந்த அறிவித்தல் மழை தொடங்கும் முன்பே வருவது நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.